எட்டுக் கணினிகளும் ஒரே பதிலும்

எந்தப் படகுத்துறையில் எந்த மருத்துவப் படகு நின்றால் நோயாளியிடம் சீக்கிரம் போய்ச் சேரும் என்று கணித்துச் சொல்வது பெர்கன் நகரத்துத் தோருனின் வேலை. அவள் பிறந்தது வடக்கே ஸ்கார்வோய் தீவில். தம்பி ஸ்டைனார் இன்னும் அங்கேதான் இருந்தான். தீவின் மருத்துவப் படகை ஓட்டியவன் அவன்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு படகைக் குறைத்தே ஆக வேண்டும் என்றது மாவட்ட அவை. எதைக் குறைப்பது என்று தோருனின் கணினி நிரல் சொல்ல வேண்டும். கண்டபடி ஏராளமான திட்டங்களை உண்டாக்கி, தேறியவற்றை ஒன்றோடொன்று கலந்து குட்டி போடவிட்டு, தேறாதவற்றைக் கழித்துக்கொண்டே போகும் நிரல் அது. எட்டுக் கணினிகளில் எட்டுத் திட்டக் கூட்டங்களை வளர்த்தாள். ஒரு கூட்டத்தில் தலைதூக்கும் திட்டம் அவ்வப்போது பக்கத்துக் கணினிக்குக் குடிபெயரும்.

எட்டும் ஒரே பதிலைச் சொல்லின. ஸ்கார்வோய் படகை எடுத்துவிடு.

"எட்டுச் சாட்சி ஒரே மாதிரி சொன்னா அப்புறம் என்ன தோருன்? அனுப்பிடுங்க" என்றார் மேலாளர் ஹல்வார். அவைக்கு அனுப்பிவிட்டாள்.

சேதி தீவுக்குப் போனதும் ஸ்டைனார் கூப்பிட்டான். "அக்கா, நீ போட்ட கணக்குன்னு பேசிக்கிறாங்க. நிஜமா?"

"கணக்கு அப்படித்தான்டா வருது."

"சின்ன வயசுல கோவம் வந்தா நேரா வந்து அடிப்ப. இப்ப கம்ப்யூட்டர ஏவிவிட்டு அடிக்கிற."

அதன் பிறகு அவள் கணினிகளின் முன் போய் உட்கார்ந்தாள். அதுவரை வென்ற திட்டத்தை மட்டுமே பார்த்தவள், கூட்டங்களை முழுசாகத் திறந்து பார்த்தாள். அத்தனையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். குடிபெயர்ச்சியை அவள் அடிக்கடி நடக்கும்படி வைத்திருந்தாள். ஆரம்பத்திலேயே அதிர்ஷ்டவசமாக மேலே வந்த ஒரு திட்டம் எட்டுக் கணினிகளுக்கும் பரவி, மற்ற வம்சங்களையெல்லாம் அழித்திருந்தது. எட்டுச் சாட்சி இல்லை. ஒரே சாட்சியின் எதிரொலி.

குடிபெயர்ச்சியை அரிதாக்கினாள். போகிற திட்டம், போகிற இடத்தில் இருப்பவற்றைப் போல இருக்கக் கூடாது என்று விதி வைத்தாள். உடனே திட்டங்களின் மதிப்பெண்கள் சரிந்தன.

"நல்லா இருந்ததக் கெடுத்து வச்சிருக்கீங்க. இந்த நொண்டித் திட்டத்தையெல்லாம் எதுக்கு வளக்குறீங்க?" என்றார் ஹல்வார்.

"அதுங்க செத்துட்டா வேற வழி இருக்குன்னே தெரியாமப் போயிடும்."

"இல்ல. உங்க தம்பி படகு போயிடும்."

உண்மையைத் தேடுகிறாளா, தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவை கூடி முடிவெடுக்கும் நாள் நெருங்கியது. கணினிகள் தத்தளித்துக்கொண்டே இருந்தன.

அவை கூடும் அன்று காலையில், எல்லாவற்றிலும் பின்தங்கிக் கிடந்த கணினியில் ஒரு திட்டம் பிறந்தது. நகரத்தை ஒட்டிய படகை எடுத்துவிட்டு, இன்னொன்றைக் கடல் உள்ளே நுழையும் கால்வாய் முகத்துக்கு நகர்த்தினால் போதும். ஸ்கார்வோய் படகு அப்படியே நிற்கும். யாருக்கும் முன்னைவிடத் தாமதம் இல்லை. மழையில் நனைந்தபடி அவைக்கு ஓடினாள்.

"போன தடவ உறுதியாச் சொன்னதும் நீங்கதானே?" என்றார் அவைத் தலைவி. "அந்தப் படகு உங்க தம்பியோடதுன்னு கேள்விப்பட்டேன்."

முதல் திட்டத்துக்கே கைகள் உயர்ந்தன. படகு போயிற்று.

பனிக்காலத்துப் புயலில் தீவின் தபால்காரர் அஸ்பியோர்ன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவப் படகு தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. காத்திருக்க மனமில்லாமல் ஸ்டைனார் அவரைத் தன் மீன்பிடிப் படகில் ஏற்றிக் கிளம்பினான். பாதிக் கடலில் உயிர் பிரிந்தது.

அதற்கப்புறம்தான் அவை வெளியாட்களை வைத்து தோருனின் இரண்டாவது திட்டத்தைச் சோதித்தது. சரிதான் என்றார்கள். வசந்தத்தில் படகு திரும்பி வந்தது. தோருனும் தீவுக்குப் போனாள். ஸ்டைனார் துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முதல்லயே உள்ள தொறந்து பாத்திருக்கணும்டா. பாக்கல."

"என்கிட்ட ஏன் சொல்ற? அஸ்பியோர்ன் பொண்டாட்டி வீட்லதான் இருக்காங்க. அங்க போய்ச் சொல்லு."

அவள் மேட்டிலிருந்த அந்த வீட்டை நோக்கி நடந்தாள்.