நாலாம் மெஷினின் கண்

வலது கை சட்டை நுனியைப் பிடித்து, மெஷினின் ஓரத்தில் பட்டாணி அளவிலிருந்த கண்ணாடியை ஒரு தேய்ப்புத் தேய்த்தது. அதற்குள் இடது கை ஸ்பேனரை எடுத்துவிட்டிருந்தது. பெல்ட்டுக்கு அடியிலிருந்த நட்டை அரைச் சுற்று இறுக்கி, பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்து, பச்சைப் பொத்தானை அழுத்தியது. மெஷின் ஓடியது. பசை ஒட்டிய அட்டைப்பெட்டிகள் மறுபடி வரிசை கட்டி வந்தன.

“பெல்ட்டுதான்,” என்றார் கைகளுக்குச் சொந்தக்காரர்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். எது நின்றாலும் எதையாவது இறுக்குவார், அது ஓடும். அதனால் இறுக்கி என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் அவர் மூடிய டப்பாவை வேறு யாராலும் திறக்க முடியாது.

சில மாதங்களுக்கு முன் மேனேஜர் ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார். மெஷின் நின்றால் செல்போனில் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, என்ன வேலை செய்தோம் என்று எழுத வேண்டும். அதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எந்த மெஷினை எந்த நாளில் கவனிக்க வேண்டும் என்று அதுவே முன்கூட்டிச் சொல்லும். நின்ற பிறகு ஓடுவதற்குப் பதில், நிற்கும் முன்பே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் காரணப் பட்டியலின் தலையிலேயே ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது. எண்ணெய்க் கையோடு கீழே தள்ளித் தேட யாருக்குப் பொறுமை?

மாதக் கடைசியில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

“நாலாம் மெஷின் முப்பத்தொரு தடவை நின்னிருக்கு. முப்பதுக்குக் காரணம் மற்றவை. இந்த மற்றவை எங்க இருக்குன்னு காட்டுங்க, கழட்டி எறிஞ்சிடலாம்.”

“அது பெல்ட்டு சார்.”

“அப்ப அதைப் போட வேண்டியதுதானே?”

“உங்களுக்கே தெரியும்னு விட்டுட்டேன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் இறுக்கி நாலு நாள் லீவு கேட்டார். மகள் வேறு ஊரில் புது வீட்டுக்குக் குடிபோய் எட்டு மாதம். அந்த வீட்டை அவர் செல்போனில்தான் பார்த்திருக்கிறார். போன தடவை புறப்பட்டு, நாலாம் மெஷின் நின்றுவிட்டதென்று போன் வந்து, இரண்டாவது ஸ்டேஷனிலேயே இறங்கித் திரும்பினார். மனைவி மட்டும் போய்விட்டு வந்தாள். இந்த முறை கேட்காமலேயே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

“உங்களுக்கு ரெண்டாவது ஸ்டேஷன் வரைக்கும்தான் எடுக்கலாம்னு பார்த்தேன்,” என்றாள். “பாவம்னு முழுசா எடுத்திருக்கேன்.”

மேனேஜர் யோசித்தார். “மூணு வாரம் டைம். நாலாம் மெஷின் அஞ்சு தடவைக்கு மேல நிக்கக் கூடாது. நின்னா லீவு இல்லை. நீங்க இல்லாம அதைச் சமாளிக்க இங்க ஆள் இல்லையே.”

மறுநாள் மத்தியானம் மெஷின் நின்றது. இறுக்கி வந்தார், ஓட வைத்தார், செல்போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். இரண்டாம் ஷிஃப்டில் மெஷினை ஓட்டும் ஆபரேட்டர், அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

“பெல்ட்டை இறுக்கினேன்னு மட்டும் போட்டிருக்கீங்களே அண்ணே. முதல்ல சட்டையால அந்தக் கண்ணாடிக் கண்ணைத் துடைச்சீங்க, அது?”

“நானா?”

“தினமும் துடைக்கிறீங்க. வீட்டுல அண்ணி கேக்கலையா, சட்டை முனை ஏன் எப்பவும் கறுப்பா இருக்குன்னு?”

அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் நின்றபோது ஸ்பேனரைத் தொடவில்லை. கண்ணை மட்டும் துடைத்தார். மெஷின் ஓடியது.

அன்று சாஃப்ட்வேரில் நாலாம் மெஷின் நின்ற நேரங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தார். இரண்டு பத்து, இரண்டு பதினைந்து, இரண்டு பன்னிரண்டு. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறிச் சில நிமிஷங்கள்தான் ஆகியிருக்கும்.

“டீயைக் கையில எடுத்தாத்தான் கூப்பிடுவியான்னு தினம் திட்டுவீங்களே,” என்றாள் ஆபரேட்டர். “அந்த நேரம்தான்.”

காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் பெரிய சோம்பேறி. மெஷினைச் சுத்தமே செய்யமாட்டார். அவர் கையில் அது நின்றதே இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு இறுக்கி டீ கிளாஸோடு மெஷின் பக்கத்திலேயே போய் நின்றார். ஆபரேட்டர் காற்றுக் குழாயை எடுத்து மேஜையெங்கும் அடித்தாள். காகிதத் தூசி எழும்பி, மிதந்து, சாவகாசமாக இறங்கிக் கண்ணில் உட்கார்ந்தது. பெட்டி வெளியே போய்விட்டதா என்று பார்க்கும் கண் அது. தூசியில் மறைந்துவிட்டால், பெட்டி சிக்கிக்கொண்டதென்று நினைத்து மெஷினை நிறுத்திவிடும். இரண்டு பதினொன்றுக்கு மெஷின் நின்றது.

“யாரு உனக்குக் காத்து அடிக்கச் சொன்னது?”

“நீங்கதான். நான் சேர்ந்த முதல் நாள். அடிக்காம விட்டா கையை உடைப்பேன்னீங்க.”

அப்போது அந்த மெஷினுக்குக் கண்ணே கிடையாது. கண் வந்தது பிறகு. பழக்கத்தை யாரும் மாற்றவில்லை.

முதல்முறையாகப் பட்டியலைக் கடைசிவரை தள்ளினார். அடியில் ‘தவறான பராமரிப்பு முறை’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘சொல்லிக்கொடுத்தவர்’ என்று ஒரு கட்டம். பெல்ட் என்று போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சாஃப்ட்வேர் வேலைமெனக்கெட்டுப் பெல்ட்டையே இறுக்கச் சொல்லும். மெஷின் நிற்கும், போன் வரும், இரண்டாவது ஸ்டேஷன் வரும். டீ ஆறிப்போனது. கட்டத்தில் தன் பெயரை அடித்தார்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “மற்றவை பிடிபட்டாரா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்று வாரத்தில் நாலாம் மெஷின் நாலு தடவை நின்றது. முதல் மூன்று, கண்டுபிடிக்கும் வரை. நாலாவது, தானும் உழைப்பதாகக் காட்ட காலை ஷிஃப்ட்காரர் காற்று அடித்துப் பார்த்த அன்று.

புறப்படும் நாள் மத்தியானம் இறுக்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எலெக்ட்ரீஷியனிடம் வந்தார். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாலு நாளும் மெஷின்கள் அவர் பொறுப்பு.

“எல்லா மெஷினுக்கும் சாஃப்ட்வேர்ல எழுதியிருக்கேன். அது கேக்குற நேரத்துக்குச் செய், போதும்.”

எலெக்ட்ரீஷியன் செல்போனை வாங்கிச் சத்தமாகப் படித்தார். “நாலாம் மெஷின். ரெண்டு மணி. காத்து அடிக்காதே. கண்ணைத் துணியால துடை. எதையும் இறுக்காதே.” நிமிர்ந்து பார்த்தார். “இதை எழுதினது நீதானா?”

“படிச்சதைச் செய்டா.”

“துணிக்கு எங்க போறது? உன் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ.”

இறுக்கி பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் வைத்தார்.