மன்னிப்புக் கேட்கும் பனிவண்டி

தெருப்பனி தள்ளும் பனிவண்டியை நவம்பரில் முடுக்கினால் எர்வே மார்ச்சில்தான் அணைப்பார் என்று அபெனாக்கிப் பழங்குடிகளின் ஊரான ஓடனாக்கில் ஒரு பேச்சு உண்டு. அவர் சாப்பிடப் போனாலும் அது வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். கேட்டால், "கிழட்டு மாடு. படுத்தா எழுந்திரிக்காது" என்பார்.

புத்தாண்டுக் காலையில் அந்த உறுமலுக்கு மேலே அவர் குரலும் கேட்கும்: "அன்ஹல்தமாவி கசி பலிலவாலன்." நான் உனக்குச் செய்த தப்பையெல்லாம் மன்னித்துவிடு என்று அர்த்தம். வருஷத்தை மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவதுதான் அபெனாக்கி வழக்கம். மற்ற நாளெல்லாம் பிரெஞ்சிலேயே புழங்கும் ஊரை, அன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தையாவது எர்வே சொல்ல வைத்துவிடுவார்.

எப்படி என்கிறீர்களா? தெருப் பனியையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொரு வாசலிலும் இடுப்பளவு குவிப்பார். கார் வெளியே வராது. வீட்டுக்காரர் மண்வாரியோடு பாய்ந்து வருவார். எர்வே குல்லாயைக் கழற்றிக்கொண்டு வாக்கியத்தைச் சொல்வார். வழக்கப்படி எதிராளியும் அதையே திருப்பிச் சொல்லியாக வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித் தொலைப்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்று புகார் போகாத வருஷமில்லை.

எர்வே அசர மாட்டார். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? தப்பே பண்ணலேன்னா எதுக்கு மன்னிப்புக் கேக்கறது? நம்ம பாஷை பிழைச்சுக் கிடக்கறதே என் தப்பாலதான்."

இந்தச் சாமர்த்தியமெல்லாம் சொந்த அக்கா கிளெமான்ஸிடம் செல்லவில்லை. போன புத்தாண்டன்று வண்டி இடித்து அவளுடைய தபால் பெட்டி நொறுங்கியது. பதறிப்போன எர்வே பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டார். "அது தபால்காரனுக்குப் போதும். எனக்குப் போதாது" என்று அக்கா கதவைச் சாத்தினாள். தம்பிக்கும் வீம்பு. பேச்சு நின்றது. அவள் வைக்கும் சோளச் சூப்பைக் குடித்து ஒரு வருஷமாகிறது, அந்த ஏக்கம் மனிதரைப் பாடாய்ப் படுத்தியது.

இந்த வருஷம் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினார். பனியைக் குவிக்கவில்லை. இறங்கி, கையாலேயே வாரிப் படிவரை வழி செய்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். எர்வே குல்லாயைக் கழற்றினார். ஊரெல்லாம் முழங்கிய வாக்கியம் பாதியில் தடுமாறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

இனி அவள் முறை. பிறந்ததிலிருந்து தம்பியிடம் இறங்கிப் பேசியறியாதவள். கொஞ்ச நேரம் புதிய தபால் பெட்டியையே பார்த்திருந்தாள். பிறகு அவள் உதடுகள் அசைந்தன. உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னக்கா சொன்னே? காதுல விழலியே."

"விழலேன்னா போ" என்று அவள் உள்ளே திரும்பினாள்.

எர்வே ஓடிப்போய் வண்டியில் ஏறி, சாவியைத் திருகி அணைத்தார்.