அக்காவின் உப்பில்லாத மீன்

என் அக்கா ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். ஒரு காலர் இம்மி கோணினாலும் பிரித்துப்போட்டு மறுபடி தைப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய் டாக்டர், வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனம், உப்பையும் எண்ணெயையும் குறையுங்கள் என்று சொல்லலாமா? அவர் குறைக்கத்தான் சொன்னார். இவள் அடியோடு நிறுத்திவிட்டாள். அவள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்.

அத்தானோ மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். அதற்கும் அக்கா ஒரு வழி கண்டாள். மீன் துண்டின் இரண்டு பக்கமும் முள் தட்டும்வரை கீறுவாள். பூண்டு, இஞ்சி, மிளகை அரைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, கீறலுக்குள் விரலால் அடைப்பாள். நன்றாக ஊறியதும் ஆவியில் வேகவைப்பாள். வாசனை தெருமுனை வரை போகும், ருசி மட்டும் வீட்டுப் பக்கமே வராது.

அத்தான் சமையலறை வாசல் நிலையில் சாய்ந்து நின்று, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று இழுப்பார். பிறகு ஒரு சிட்டிகை போடேன் என்று கெஞ்சுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கெஞ்சினார்.

"உப்பு வேணுமா, உசுரு வேணுமா?" என்று கேட்டாள் அக்கா.

சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவ எழுந்தவர் அங்கேயே சரிந்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் அக்கா அதே மீனைத்தான் செய்தாள், தனக்கு. சோறு, குழம்பு எதிலும் உப்பில்லை. நிலைப் பக்கம் திரும்பாமலே சமைப்பாள். அங்கே நின்று இன்னும் உப்புக் கேட்கிறார் என்பாள். பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் ஒருநாள் தட்டோடு அந்த நிலையைத் தாண்டியபோது, யாரையோ இடிக்காமல் போகிறவள்போல நானே ஒருக்களித்து நடந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

போன வாரம் தையல் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் உப்பு மோசமாகக் குறைந்திருக்கிறது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாளா தெரியாது என்றார் டாக்டர். எனக்கென்று இருப்பவள் இவள் ஒருத்திதான். கடையிலிருந்து உப்புப் பாக்கெட்டோடு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

மீனை அப்போதுதான் கீறி வைத்திருந்தாள். பாக்கெட்டைப் பிரித்து அவள் முன்னால் தள்ளினேன். நீயும் போய்விட்டால் நான் யாரிடம் சண்டை போடுவது என்று கேட்டேன். வெகுநேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, கீறல்களில் தடவினாள். ஊறியதும் ஆவியில் வைத்தாள்.

வெந்த மீனைத் தட்டில் வைத்ததும், இத்தனை நாள் இல்லாமல் நிமிர்ந்து நிலையைப் பார்த்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவர் கேக்கலடி" என்றாள்.

நல்லதுதானே அக்கா என்றேன், புத்தி கெட்டவள் நான்.

"போட்டுட்டா அப்புறம் கேக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தனை நாளும் போடல."

பிறகு உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள்.