காரின் தண்ணீர் போன இடம்

தெரணியகலைப் பக்கம் மழை பெய்தால் யாரும் பேசுவதில்லை, விட்டால்தான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் கார் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது லேசான வேலையா? காலையில் பார்த்தால் முற்றம் முழுக்க ஈரம். அதில் வானத்துத் தண்ணீர் எது, காரின் தண்ணீர் எது?

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான், நாற்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகி வாங்கிய கார் அது. என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. என் கணவர் ஓட்டமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சரசரவென்று மேலே போகும். டவுனில் கார் திருத்தும் பாஸ் குழாய், மூடி, பம்ப் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கயும் கசிவே இல்ல, இஞ்சின் வெளியெல்லாம் காஞ்சுபோய் கெடக்கு டீச்சர்" என்று கையை விரித்தார். தண்ணீருக்குப் பதில் பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றி அனுப்பினார். அதுவும் குறைந்தது.

"ஒருநாளைக்கு நடு ரோட்டுல நிக்கப் போற. பேசாம வித்துருவோம்" என்றார் என் கணவர். சொன்னதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஒருவரிடம் பேசியும் விட்டார். மறுபடியும் பஸ்ஸில் தொங்க வேண்டும் என்பதுகூடப் பெரிதில்லை. அந்த ஸ்டியரிங்கை விட எனக்கு மனமே இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அதிசயமாக மழை இல்லை. காரைவிட்டு இறங்கிய என் கணவர், "மறுபடி கால் நனைஞ்சிருச்சு" என்றார்.

இது பழைய புகார். "ஒங்க கொடைதாங்க ஒழுகுது" என்று நானும் பழைய பதிலையே சொன்னேன்.

"கொடை வீட்டுல கெடக்கு."

அவருடைய வெள்ளை வேட்டியின் ஓரத்தில் பச்சைக் கறை. சாமியை மறந்து, அவர் கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கினேன். சொதசொதவென்று இருந்தது. இனிப்பாக ஒரு வாடை வேறு.

திரும்பும் வழியிலேயே பாஸிடம் காட்டினோம். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். காருக்குள் சூடு கொடுக்க அங்கே இன்னொரு குட்டி ரேடியேட்டர் உண்டாம். அதில்தான் ஓட்டை. எங்கள் புழுக்கத்தில் ஹீட்டரை யார் போடுவது? அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதற்குப் போகும் குழாய்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்து, அதை ஒதுக்கிவிட்டார். சனிக்கிழமை ஏற்றம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, காரை வாங்க இருந்தவர் வந்துவிட்டார். சிங்களத்தில் பேசிக்கொண்டே காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் கணவர் கொடுத்த வாக்கை மீறாதவர். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன்.

"விக்குணன்னே நே மாத்தியா" என்றார் என் கணவர். விற்கவில்லையாம். பிறகு எதற்கு வரச் சொன்னாய் என்று வந்தவர் முகம் சிவந்தார். என் கணவர் தலையைச் சொறிந்தபடி சிங்களத்திலேயே தொடர்ந்தார்:

"மன்னிச்சுக்கோங்க. கார் என்னோடது இல்ல, அவங்களோடது. அவங்ககிட்ட கேக்காமலே பேசிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவரிடம் போய் முதல் தேநீரை நீட்டினேன்.