குறிப்புக்காரி வாங்கிய கீபோர்டு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைக் குறிப்புக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வெட்டும் இயந்திரம் அவள் வலது கையில் இரண்டு விரலைப் பறித்துக்கொண்ட பிறகு, பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் குறிப்பெடுக்கத் தொழிலாளர்கள் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பேனா பிடிக்க வராது. மீதி எட்டு விரலால் கீபோர்டைத் தட்டுவாள். மேலாளர் வாயை மூடுவதற்குள் அவர் சொன்னது டேப்லெட்டில் ஏறிவிடும். அதுதான் அவர் கண்ணை உறுத்தியது.

போன கூட்டத்தில் அவர், "இந்த டக்டக் சத்தம் தலைவலியா இருக்கும்மா. அடுத்த தடவை சும்மா உட்காருங்க. என்ன எழுதணும்னு அப்புறமா நானே சொல்றேன்," என்றார். பேச்சில் தேன் ஒழுகத்தான் செய்தது. ஆனால் வெட்டும் இயந்திரத்தில் கத்திக்கும் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய காவல் தகட்டை இரண்டு வாரமாகக் காணோம். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து இவள் சும்மா உட்கார வேண்டுமாம். அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு, சத்தம் போடாத கீபோர்டு வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒன்றை நீட்டினார். "சைலன்ட்னு பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க."

"பெட்டி செய்றதே நாங்கதான் தம்பி. அதுல என்ன வேணும்னாலும் போடுவோம்."

மகளை வாசல் பக்கம் திரும்பி நிற்கவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். எழுத்துகள் அடங்கித்தான் இருந்தன. ஸ்பேஸ் பார் ஒவ்வொரு முறையும் காட்டிக்கொடுத்தது. மடிக்கிற கீபோர்டு பரவாயில்லை, ஆனால் நடுமடிப்பில் அவள் விரல்கள் தடுமாறின. ரப்பர் கீபோர்டு சுத்த ஊமை. நாலு எழுத்து தட்டினால் இரண்டுதான் விழுந்தது. கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்குப் போகவில்லை. நாலாவதைத் தட்டியபோது மகள் கை தூக்கவே இல்லை.

"அம்மா, ஆரம்பிச்சிட்டியா?"

"முடிச்சே முடிச்சிட்டேன்."

கூட்டத்தில் கீபோர்டை மறைக்கவில்லை, மேசைமேலேயே வைத்தாள். மேலாளர் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகடு எங்கே என்று இயந்திரம் ஓட்டுபவர் கேட்டதும், "நான்தான் கழட்டச் சொன்னேன். தகடு இருந்தா வேலை மெதுவாப் போகுது. இது நமக்குள்ள இருக்கட்டும்," என்றார்.

எழுந்து போவதற்கு முன் குறிப்பை வாசித்து எல்லோரும் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். அவள் வாசித்தாள். ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தாள்.

மேலாளர் முகம் கறுத்தது. "இதை எப்ப எழுதினீங்க? அழிங்க."

"அழிக்க மாட்டேன் சார்." வேலை போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். "நீங்க இதைச் சொல்லலைன்னு இங்க ஒருத்தர் சொல்லட்டும். அழிச்சிடறேன்."

இயந்திரம் ஓட்டுபவர் தொண்டையைச் செருமினார். "சொன்னார். தகடு மாட்டுற வரைக்கும் நான் மெஷினைத் தொட மாட்டேன். அதையும் எழுதுங்கக்கா."

அதையும் எழுதினாள். எழுதியதை வாசித்துவிட்டு, முதல் கையெழுத்துக்காக டேப்லெட்டை மேலாளர் முன்னால் நகர்த்தினாள்.