காலரில் பட்ட ரத்தம்

அறிவுச்செல்வி அக்கா தாடிக்கொம்பு ரோட்டுத் தையல் கம்பெனியில் பதினோரு வருடமாகச் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, இரண்டு வருடமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. கையை நாலு தரம் உதறினால்தான் உணர்ச்சி திரும்பும். அதுவும் பொறுக்காது சூப்பர்வைசர் மதியழகனுக்கு. "கைய உதறவாக்கா சம்பளம் வாங்குறீங்க?" என்பான். பக்கத்து மெஷினில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ "சரிங்க சார்" என்று குனிந்துகொள்வாள்.

நேற்று அவன் எதிரிலேயே நின்றதால் கையை உதறாமலே தைத்தாள். ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை. வெள்ளைக் காலர் சிவந்ததைப் பார்த்து நான்தான் கத்தினேன். மதியழகன் பதறிக் குனிந்தான். விரலைப் பார்க்கவில்லை, சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னக்கா, பீஸ் போச்சே! பாத்துத் தைக்கக் கூடாதா?"

அக்கா எழுந்தாள். அந்தச் சட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஏலே, எனக்கு நரம்பு கெட்டுப்போச்சு, ரத்தம் வந்தும் தெரியல. ஒனக்கு என்னலே கேடு?"