தோண்டிய கரியும் வெட்டிய கரும்பும்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டின மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டுகிற எனக்கு இங்கே வேலை எதுவும் இல்லை. பஸ் நிற்கிற இடத்திலேயே இருக்கும் செல்வியின் இட்லிக்கடைக்காகத்தான் வருகிறேன். அவரும் தனியாள், நானும் தனியாள்.

இன்று கடையில் கூட்டமே இல்லை. செல்வி பெரிய இட்லிக்குண்டானைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தப் பக்கம் கரி தீந்துபோச்சுங்க. காண்ட்ராக்ட் ஆளுங்கள வேற மைன்ஸுக்கு மாத்திட்டாங்க. யாருக்கு இட்லி ஊத்தறது?"

துணிந்து பேசுகிறேன். "எங்க ஊருல கடை போடலாங்க. கரும்பு வெட்டறவங்க நெறைய பேரு."

"அதுவும் வெட்டினா தீந்துதானே போவும்?"

"இல்லீங்க. வெட்டின கட்டையிலயே மறுபடி தழைஞ்சு வரும். அது ஓஞ்சா கரும்பத் துண்டு போட்டு புதுசா கரணை நடுவோம்."

"கரி அப்படித் தழைஞ்சா நான் ஏன் குண்டானக் கவுக்கறேன்?" என்று சிரிக்கிறார். "சரி, கரும்பு வருஷா வருஷம் வரும். நீங்க இருப்பீங்களா, நெல்லிக்குப்பத்துக்காரரே?"

பஸ் வந்துவிடுகிறது. தலை குனிந்துகொண்டு ஏறிவிடுகிறேன். குள்ளஞ்சாவடி தாண்டிய பிறகுதான் வாய் திறக்கிறது.

"இருப்பேங்க."

பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார்.

எழுத மனம் வந்த நாள்: மாசி பத்து, செவ்வாய்.